ஹிங்க்லியின் கிணறுகளைப் பற்றி ஒரு கடிதம்

சிரஞ்சீவி முகுந்தனுக்கு,

'எரின் ப்ராக்கோவிச்' என்னும் சினிமாவைப் பார்த்துவிட்டு, 1996-ஆம் ஆண்டில் பசிபிக் காஸ் அண்ட் எலெக்ட்ரிக் கம்பெனி 33 கோடியே 30 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்க இசைந்தபடியால் ஹிங்க்லி ஊரின் நிலத்தடி நீரும் அத்தோடு சுத்தமாகியிருக்கும் அல்லவா என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும், எதையும் இரண்டு மணி நேரத்தில் முடித்துக் காட்டும் சினிமாக்காரர்கள் மீது எனக்குள்ள பழைய கோபம் மறுபடியும் மூண்டது. நஷ்டஈடு வாதிக்கும் பிரதிவாதிக்கும் இடையில் தீர்ந்த கணக்கு. மண்ணுக்கடியில் கிடக்கும் குரோமியத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதை அகற்றச் செய்யும் அதிகாரம் லஹொன்டன் பிராந்திய நீர்த்தர வாரியத்தினுடையது.

கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் உள்ள ஹிங்க்லியில் அந்தக் கம்பெனி நடத்திய எரிவாயு அழுத்த நிலையம், குளிர்விப்புக் கோபுரங்கள் துருப்பிடிக்காதிருக்கக் குரோமியம்-6 கலந்த நீரை உபயோகித்து, 1952 முதல் 1964 வரை அதைத் தளம் போடாத குட்டைகளில் விட்டது. நிலத்தடி நீரில் குரோமியம்-6 இருப்பதாகக் கம்பெனி வாரியத்துக்குத் தெரிவித்ததோ 1987 டிசம்பரில். ஏன் இத்தனை தாமதம் என்றால், நிலத்தடி நீரின் நடை மந்தமானது. தேடிப் பார்த்தவர்களும் இல்லை. (அந்த நடைக்குக் கணக்குச் சொன்ன ஹென்றி டார்சி, தம் சூத்திரத்தைத் திஜோன் நகரத்துக் குடிநீர் ஊற்றுக்களைப் பற்றி 1856-இல் வெளியிட்ட பெரிய நூலின் அநுபந்தத்தில் வைத்திருந்தார். உலகம் நூலை மறந்து அநுபந்தத்தை மாத்திரம் வைத்துக்கொண்டது. நீயாவது மூலத்தைப் புரட்டிப் பார்.)

இனி, வாரியத்தின் மேற்பார்வை என்றவுடன் சர்க்கார் அதிகாரி ஒருவர் குப்பியோடு கிணறு கிணறாகப் போகிறார் என்று எண்ணிக்கொள்ளாதே. கண்காணிப்புக் கிணறுகளைத் தோண்டுவதும், மாதிரி எடுப்பதும், மாசு பரவிய எல்லையைப் படத்தில் வரைந்து காலாண்டுதோறும் அறிக்கை தருவதும் மாசுபடுத்திய கம்பெனியின் கடமையே. எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில் தோண்டுவது, எந்த எண்ணோடு ஒப்பிடுவது என்று கட்டளையிடுவதில்தான் வாரியத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை நீர் புகும்படி துளையிட்ட குழாயை இறக்கினால், நல்ல நீரும் கெட்ட நீரும் கலந்து, பொய் சொல்லாமலே ஏமாற்றும் ஓர் எண் கிடைத்துவிடும்.

ஒப்பிடும் எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள். அந்தப் பிரதேசத்து மண்ணில் குரோமியம் இயற்கையாகவே உண்டு. ஆகவே, கம்பெனி சேர்த்தது எவ்வளவு, இயற்கை வைத்திருந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொன்னாலொழியச் சுத்திகரிப்புக்கு எல்லையே கிடையாது. கம்பெனி 2007-இல் சமர்ப்பித்த ஆய்வின்படி லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராம் இயற்கையின் உச்சவரம்பு என்று வாரியம் ஏற்றுக்கொண்டது; அன்றிலிருந்து 3.2 காட்டிய கிணறு மாசுபட்டது, 3.0 காட்டிய கிணறு நிரபராதி. அந்த ஆய்வின் முறையை வெளி நிபுணர்கள் குறைகூறியபின், அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் இஸ்பிக்கியிடம் மறு ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. 2023-இல் வெளிவந்த அவருடைய முடிவு, பகுதிக்குப் பகுதி இயற்கை அளவு மாறுகிறது என்றும், படத்தில் அதிகபட்சமாகச் சுமார் 8.3 சதுர மைல் வரை வரையப்பட்டிருந்த மாசு எல்லை உண்மையில் சுமார் 5.5 சதுர மைல் என்றும் கூறியது. அதற்குள் ஊர்ப் பள்ளிக்கூடம் 2013-இல் மூடப்பட்டு, வீடுகள் பலவற்றைக் கம்பெனியே விலைக்கு வாங்கி இடித்து, ஊர் பெரும்பாலும் காலியாகிவிட்டிருந்தது! தொழிற்சாலைக்கு அநுமதி வழங்குமுன்னரே, அந்த நிலத்து நீரின் இயற்கைக் குணத்தை அந்தத் தொழிற்சாலையைச் சாராத ஒருவர் அளந்து பதிவு செய்தாக வேண்டும் என்பது என் பிடிவாதமான அபிப்பிராயம். நண்பர்கள் இதைக் கேட்டுச் சலித்துவிட்டார்கள்; நான் சொல்லச் சலிக்கவில்லை.

சுத்திகரிப்பு முறைகளை நீ பாடத்திலேயே படித்திருப்பாய். எத்தனாலை நிலத்தடியில் செலுத்தி நுண்ணுயிர்களின் உதவியால் குரோமியம்-6ஐக் கரையாத குரோமியம்-3 ஆக்குகிறார்கள். கெட்ட நீரை இறைத்துக் குதிரைமசால் வயல்களுக்குப் பாய்ச்சி, வேர்மண்ணிலேயே அதே மாற்றத்தை நிகழச் செய்கிறார்கள். எத்தனால் போன இடத்தில் மாங்கனீசு கரைந்து வரக்கூடுமாகையால், மருந்தையும் கண்காணிக்க வேண்டிவருகிறது. குடிநீரில் குரோமியம்-6க்குக் கலிபோர்னியா 2014-இல் விதித்த லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரம்போ, 2017-இல் நீதிமன்றத் தீர்ப்பால் விலக்கப்பட்டு 2024-இல்தான் திரும்ப வந்தது.

நம் ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவிலும் இதே குரோமியம்-6தான் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் ஊருக்கு வரும்போது, சினிமாவைப் பற்றி எழுதியதை அப்புறம் வைத்துவிட்டு, அங்குள்ள கிணறுகளைப் பற்றிய அறிக்கை எது கிடைத்தாலும் கொண்டுவா. மாதிரி எடுத்தவர் யார், எந்த ஆழத்தில் எடுத்தார், இயற்கை அளவென்று எதை வைத்துக்கொண்டார் என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்கிறதா என்று முதலில் நீயே பார்த்துக் குறித்துவை.

இப்படிக்கு,
உன் பழைய ஆசிரியன்