பேனாக்கத்தி

சட்டைப்பையில் அடங்கும் சிறு மடக்குக்கத்தியைத் தமிழ்நாட்டார் பேனாக்கத்தி என்று வழங்குவர். இக்காலத்தில் பேனாவைக் கத்தியாற் சீவி எழுதுவார் எவரும் இலர். ஆயினும் அப்பெயர் பொருளற்றதன்று. பேனா என்னும் சொல் போர்ச்சுகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தது. அவர்தம் மொழியில் அதற்கு இறகு என்பதே முதற்பொருள். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாகப் பறவையின் இறகைச் சீவி, நுனியைப் பிளந்து, மையில் தோய்த்து எழுதி வந்தனர். எழுத எழுத நுனி மழுங்கும். மழுங்கியதை மீண்டும் சீவுதல் வேண்டும். அதன்பொருட்டு எழுதுவோர் அனைவரும் சிறு கத்தியொன்றை உடன் வைத்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஃகினாலாகிய பேனாமுள் எங்கும் பரவவே, இறகு ஒழிந்தது. கத்தி ஒழியவில்லை, பென்சில் சீவவும், கயிறு அறுக்கவும், கனி நறுக்கவும் பயன்பட்டுப் பழைய பெயரோடு பையிலேயே தங்கிவிட்டது.

ஓலையில் எழுதிய தமிழ் முன்னோர்க்கும் இத்தகைய தேவை இருந்தது. பனையோலையின் ஈர்க்கை நீக்கி, ஓரத்தை வாரி, ஓரளவாக நறுக்கிய பின்னரே அஃது எழுதுதற்கு உரியதாகும். ஆதலின் ஒரு முனையில் எழுதும் ஆணியும், மறுமுனையில் ஓலை வாரும் கத்தியும் அமைந்த வாரெழுத்தாணியைக் கொல்லர் செய்தளித்தனர். பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளும் மடக்கெழுத்தாணியும் வழக்கில் இருந்தது. உழவர் அரைஞாணிற் கோத்திருந்த முள்வாங்கியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. முள்ளைப் பற்றி இழுக்கும் சிறு இடுக்கியும், காதழுக்கை எடுக்கும் குறும்பிவாங்கியும் அதன்கண் ஒரே வளையத்தில் தொங்கும். பல கருவிகளை ஒன்றாக இணைத்தல் மேனாட்டார் அண்மையிற் கண்ட புதுமை என்று எண்ணுவோர் இவற்றை ஒருமுறை பார்த்தல் நலம்.

இத்தகைய கருவியின் சிறப்பு, அது வேண்டியபொழுது கைக்கெட்டும் இடத்தில் இருப்பதே. கருவேல முள் தைத்த காலோடு வயலிலிருந்து வீடுவரை நடத்தல் எளிதன்று. கழுத்துக் கயிறு இறுகிக் கன்று திணறும்பொழுது, முடிச்சை அவிழ்க்க நேரம் இராது. கடலில் இறங்கும் வலையின் கயிறு மீனவர் காலைச் சுற்றிக்கொள்ளின், அதனை அறுப்பதற்குக் கிடைப்பன சில நொடிகளே. வீட்டில் அடுக்களையில் இருக்கும் பெரிய கத்தி அவ்வேளையில் யாருக்கும் உதவாது.

ஆனால் கூரிய அலகை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வதெங்ஙனம்? அலகையே பிடிக்குள் மறைத்தல் இதற்கு மிகப் பழங்காலத்திலேயே கண்ட வழியாகும். இங்கிலாந்தில் கேம்பிரிட்சு நகரத்து ஃபிட்சுவில்லியம் அருங்காட்சியகத்தில் கி. பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியக் கருவி ஒன்று உளது. வெள்ளியாலாகிய அதன்கண் கரண்டி, முட்கரண்டி, குத்தூசி முதலியன மடங்கும்படி அமைந்துள்ளன. இரும்பினாலாகிய கத்தியலகு மட்டும் துருவேறிச் சிதைந்துவிட்டது.

பிற்காலத்துப் பேனாக்கத்தியில் பிடியின் முதுகுப்புறத்தே வளைந்துகொடுக்கும் எஃகுப்பட்டை ஒன்று இருக்கும். அதனை வில் என்பர். அலகின் அடிப்பகுதியை அவ்வில் அழுத்திக்கொண்டேயிருக்கும். அதனால் மூடிய அலகு தானே திறவாது. திறந்த அலகும் எளிதில் மடங்காது. எனினும் இது பூட்டன்று. அலகின் முதுகை ஒரு பொருளின்மீது ஊன்றி அழுத்தினால் வில் தோற்கும். அலகு சட்டென்று மடங்கி விரல்களை அறுக்கும். பிரான்சு நாட்டுச் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-ஆம் ஆண்டில் மரப்பிடி போட்ட எளிய மடக்குக்கத்தி ஒன்றை அமைத்தார். அலகைப் பூட்டுதற்குரிய சுழல்வளையம் அக்கத்திக்கு 1955-ஆம் ஆண்டில்தான் வாய்த்தது.

ஒரே பிடியில் பல கருவிகள் என்றவுடன் உலகோர் நினைவுக்கு வருவது சுவிட்சர்லாந்து நாட்டுப் படைவீரர் கத்தியாகும். அந்நாடு இன்று செல்வம் மிக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வாறன்று. மலைப்பள்ளத்தாக்குகளில் வேலையின்றி வருந்திய மக்கள் பிழைப்பு நாடி அயல்நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். அத்தகைய பள்ளத்தாக்கு ஒன்றில், இபாக் என்னும் ஊரில், கார்ல் எல்செனர் என்பவர் 1884-ஆம் ஆண்டில் கத்திப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். ஊரார்க்கு ஊரிலேயே தொழில் கிடைத்தல் வேண்டும் என்பது அவர் நோக்கம்.

அந்நாளில் சுவிசுப் படைவீரர்க்குப் புதிய துப்பாக்கி வழங்கப்பட்டது. அதனைக் கழற்றிப் பூட்டத் திருப்புளி வேண்டும். தகரத்தில் அடைத்த உணவைத் திறக்க வேறோர் அலகு வேண்டும். கத்தி, துளையூசி, தகரம் திறக்கும் அலகு, திருப்புளி ஆகிய நான்கையும் மரப்பிடியொன்றில் அடக்கிய படைக்கத்தி இவ்வாறு பிறந்தது. முதலில் அதனைச் செய்தளித்தது ஜெர்மனியிலுள்ள சோலிங்கன் நகரத்து நிறுவனம். தம் நாட்டிலேயே அதனைச் செய்யக் கருதிய எல்செனர், கத்தி செய்வோரை ஒன்றுசேர்த்து 1891-ஆம் ஆண்டில் படைக்குக் கத்திகளை அனுப்பினார். ஆனால் சோலிங்கன் ஆலைகள் அதனினும் மலிவாகச் செய்ய வல்லவை. நட்டத்துக்கு அஞ்சி மற்றையோர் விலகினர். எல்செனர் விலகவில்லை. கைப்பொருள் அனைத்தும் கரைந்தது. உறவினர் கைகொடுத்திராவிடின் அப்பட்டறை அன்றே மூடப்பட்டிருக்கும்.

படைக்கத்தி உறுதியானது, ஆயினும் கனமானது. எனவே எல்செனர் மெல்லிய கத்தி ஒன்றை அமைக்க முனைந்தார். ஒரே வில் பிடியின் இருபுறத்து அலகுகளையும் தாங்குமாறு செய்தமையால், ஆறு கருவிகளுக்கு இரண்டு விற்களே போதியனவாயின. அதிகாரிகள் கத்தி எனப்பட்ட அதனை 1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் பதிவு செய்தார். 1909-ஆம் ஆண்டில் அவர்தம் அன்னையார் விக்டோரியா காலமானார். அவர் பெயரையே தொழிலுக்குச் சூட்டினார். துருப்பிடியா எஃகைக் குறிக்கும் இனாக்ஸ் என்னும் சொல் 1921-ஆம் ஆண்டில் அதனோடு சேர, விக்டோரினாக்ஸ் என்னும் பெயர் உண்டாயிற்று.

குறடு மட்டும் இக்கத்தியின் நடுவில் இடம்பெறவில்லை. அக்குறையை உணர்ந்தவர் டிம் லெதர்மன் என்னும் அமெரிக்கர். 1975-ஆம் ஆண்டில் மனைவியுடன் பழைய மோட்டார் வண்டியொன்றில் ஐரோப்பாவில் சுற்றியபொழுது, வண்டி அடிக்கடி பழுதுற்றது. பையிலிருந்த கத்தியால் இயன்றவற்றைச் செய்தார். திருகாணியை இறுகப் பற்றித் திருப்ப மட்டும் இயலவில்லை. ஊர் திரும்பியதும் குறட்டை நடுவே வைத்து ஏனைய அலகுகளை அதன் பிடிகளுக்குள் மடக்கும் கருவியை அமைக்கத் தொடங்கினார். அது விற்பனைக்கு வந்தது 1983-ஆம் ஆண்டில். எட்டாண்டுகள் கழிந்திருந்தன!

இவ்விணைப்புக் கருவிகள் எதுவும் தனிக்கருவிக்கு நிகராகா. தச்சர் தம் உளியை விடுத்துப் பேனாக்கத்தியைக் கையிலெடார். ஆனால் பட்டறை இல்லாத இடத்தில் இதுவே பட்டறை. கனடா நாட்டு விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டு 1995-ஆம் ஆண்டில் உருசியரின் மிர் விண்வெளி நிலையத்தை அடைந்தபொழுது, நுழைவாயிற் கதவு நாடாக்களாலும் பட்டைகளாலும் நன்கு கட்டப்பட்டிருந்தது. சுவிசுக் கத்தி கொண்டே அவர் அதனைத் திறந்தார்.

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் அமெரிக்காவில் வானூர்திகளைக் கடத்தி நிகழ்த்திய கொடுமைக்குப்பின், பயணிகள் தம்மோடு கத்தி எடுத்துச்செல்லுதல் உலகெங்கும் தடுக்கப்பட்டது. வானூர்தி நிலையக் கடைகளில் மிகுதியாக விற்றுவந்த சிறு கத்திகளின் விற்பனை திடீரென வீழ்ந்தது. இபாக் ஆலை அப்பொழுதும் தொழிலாளரை வேலையினின்று நீக்கவில்லை. அண்டையிலிருந்த பிற நிறுவனங்களுக்குச் சிலரைச் சில காலம் பணிசெய்ய அனுப்பி இடரைக் கடந்தது. எல்செனர் முதலிற் கருதியது இதுவன்றோ?

இந்தியாவிலும் வானூர்தியிற் செல்வோர் பேனாக்கத்தியைக் கைப்பையில் வைத்தல் கூடாது. சரக்கறைக்குச் செல்லும் பெட்டியிலேயே வைத்தல் வேண்டும். நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுடைய பூட்டில்லா மடக்குக்கத்தியைப் பொதுவிடங்களில் வைத்திருக்கலாம்; அலகு பூட்டிக்கொள்ளும் வகையாயின், தக்க காரணம் காட்டுதல் வேண்டும். பள்ளிக்குக் கத்தி வேண்டுவதில்லை. மாணவர் அதனைப் பெரியோர் முன்னிலையில் வீட்டிலும் தோட்டத்திலும் பழகுதலே தக்கது.

பழகுவோர் முதலில் அறியவேண்டியது மூடும் முறை. அலகு வந்து விழும் வழியில் விரல் இருத்தலாகாது. பிடியை இருபுறமும் பற்றிக்கொண்டு, மறுகையால் அலகின் முதுகைத் தள்ளி மூடுக. அறுக்குங்கால் அலகு உடலை நோக்கி வாராது புறத்தே செல்லுதல் வேண்டும். பிறர்க்குக் கொடுக்கும்பொழுது மூடியே கொடுக்க வேண்டும். மழுங்கிய கத்தி தீங்கு செய்யாது என்று பலர் கருதுவர். அது தவறு. மழுங்கியதை மிகுந்த விசையோடு அழுத்தவேண்டியிருத்தலின், அது வழுக்கிக் கையில் பாய்தல் எளிது. சாணைக்கல்லில் நீர் தெளித்து, அலகைச் சற்றே சாய்த்து, இருபுறமும் ஒரே சாய்வில் தீட்டுதல் வேண்டும். முனையைக் கொண்டு மூடிகளை நெம்புவோர் முனையை இழப்பர்; அதற்குத் திருப்புளியலகு இருக்கிறது.

மாங்காயும் எலுமிச்சையும் நறுக்கியபின் உடனே கழுவித் துடைத்தல் வேண்டும். புளிப்பு எஃகைக் கறுக்கச் செய்யும். பிடிக்குள் மணலும் நூலும் சேர்ந்தால் வெந்நீரில் திறந்து மூடிக் கழுவி, நன்றாக உலர்த்துக. தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுக்கேறும் ஆதலின், தையற்பொறிக்கு இடும் எண்ணெயில் ஒரு துளி மூட்டில் விட்டு நாலைந்து முறை திறந்து மூடினால், அலகு தடையின்றி இயங்கும்.