இரத்தக் கொழுப்பும் நமது கடைச் சாப்பாடும்

தலைவலி வந்தால் தெரிகிறது. பல்வலி வந்தால் தூக்கமே போய்விடுகிறது. ஆனால் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறியிருப்பதை எந்த நோவும் நமக்கு அறிவிப்பதில்லை. பத்து, இருபது வருடங்கள் சத்தமின்றி ஏறிவிட்டு, ஒரு நாள் நெஞ்சு வலியாகவோ பக்கவாதமாகவோ வெளிப்படுகிறது. மலேசியாவில் 2023-ம் ஆண்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் மூவருக்கு ஒருவர் இந்நிலையில் இருப்பதாகக் கண்டார்கள். அவர்களில் பலருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது. மேலும், இந்தியா முதலிய தென்னாசிய நாட்டாருக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டாரைவிட ஐந்தாறு வருடங்கள் முந்தி, சுமார் 53 வயதிலேயே வருவதாகப் பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. நமது வியாபாரிகளில் பலர் கடையை மக்கள் கையில் ஒப்படைக்க எண்ணும் வயது அது.

கொலஸ்ட்ரால் என்பது விஷமல்ல. தேகத்தின் ஒவ்வொரு அணுவுக்கும் சுவராகவும், பித்தநீர் உண்டாவதற்கு மூலப்பொருளாகவும் அது தேவைப்படுகிறது. நாம் தின்று சேர்ப்பதைவிட நமது ஈரல் தானே தயாரிப்பதுதான் அதிகம். ஈரலை ஒரு கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து சரக்கை ஏற்றி ஊரெல்லாம் இறக்கிவரும் லாரி எல்.டி.எல். என்பது. மிஞ்சிய சரக்கைக் கிடங்கிற்குத் திருப்பிக் கொண்டுவரும் லாரி எச்.டி.எல். இறக்கும் லாரிகள் அளவுக்கு மீறிப் பெருகினால், சரக்கு பாதையோரத்திலேயே, அதாவது இரத்தக் குழாயின் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். குழாய் குறுகும், தங்கியது ஒரு நாள் வெடித்தால் அங்கே இரத்தம் உறைந்து வழி அடைபடும். இருதயத்தில் அடைபட்டால் மாரடைப்பு. மூளையில் அடைபட்டால் பக்கவாதம்.

இங்கே நம்மவர் பலரிடம் ஒரு தப்பபிப்பிராயம் உண்டு. இறாலையும் சோத்தோங்கையும் விஷமென ஒதுக்கிவிட்டு, நெய்ச்சோற்றை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுவார்கள். இறாலில் கொலஸ்ட்ரால் உண்டென்பது மெய்தான். ஆனால் தின்னும் கொலஸ்ட்ராலைவிட, ‘சாச்சுரேட்டட்’ என்று டாக்டர்கள் சொல்லும் கொழுப்பே இரத்தத்தில் எல்.டி.எல்.லை அதிகம் ஏற்றுகிறது. இறாலில் அது மிகக் குறைவு. நாம் அதை உறைகொழுப்பு என்று சொல்லிக்கொள்வோம். உறைகொழுப்பு மிகுந்தால், இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வேலையை ஈரல் குறைத்துக்கொள்கிறது. எண்ணெய்ப் போத்தலில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி வாங்குகிறவர்களும் உண்டு. செடியிலும் மரத்திலும் கிடைக்கும் எந்த எண்ணெயிலும் அது சொல்லும்படி கிடையாது. அதில் விசேஷம் ஒன்றுமில்லை. பார்க்கவேண்டியது உறைகொழுப்பின் அளவை. தேங்காய் எண்ணெயில் அது 100-க்கு 80-க்கு மேல், நெய்யில் 60-க்கு மேல், செம்பனை எண்ணெயில் பாதிக்குக் கிட்ட, நல்லெண்ணெயில் சுமார் 15 தான். நெய்யும் எண்ணெயும் விற்று ஜீவிக்கிற நாமே இதை எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சரக்கின் குணம் விற்கிறவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

நமது ஒரு நாளைப் பாருங்கள். காலையில் பசியாற மார்ஜரின் தடவிச் சுட்ட ரொட்டி சானாய் இரண்டு. கூடவே டின் கிரீமர் ஊற்றிய தே தாரிக். அந்த டின்னின் எழுத்தைப் படித்தால், பாலைவிடச் சீனியும் செம்பனை எண்ணெயுமே முன்னால் நிற்கும். மத்தியானம் நாசி கண்டார். ஆட்டு ஆணம், கோழிப் பொரியல், மேலே நாலு விதக் குழம்பும் கலந்து. பினாங்கில் நம்மவர் காவடித் தோளில் சுமந்து விற்ற காலத்தில், அதைச் சாப்பிட்டவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள். இன்று சாப்பிடுகிறவர் கல்லாவில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். சோறு அதேதான், உழைப்புத்தான் போய்விட்டது.

ஆகாரத்தால் இதைக் குறைக்க முடியுமா? முடியும். முதலாவது, உறைகொழுப்பைக் குறைத்து அவ்விடத்தில் நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றை வைப்பது. நெய்யின்மேல் நல்லெண்ணெயையும் சேர்த்து ஊற்றுவதல்ல. ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்று. இரண்டாவது, வழவழப்பான நார்ப்பொருள். ஓட்ஸ், பார்லி, பருப்பு வகை, கொண்டைக்கடலை, வெண்டைக்காய், கத்தரிக்காய், இசப்கோல் ஆகியவற்றில் இது உண்டு. பித்தநீர் குடலுக்கு வந்து தன் வேலை முடிந்ததும், பெரும்பாலும் ஈரலுக்கே திரும்பிவிடும். இந்த நார் அதைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. புதுப் பித்தநீர் தயாரிக்க ஈரலுக்குச் சரக்கு வேண்டுமே! அதனால் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு 75 கிராம் அளவு ஓட்ஸ் தொடர்ந்து சாப்பிட்டால் எல்.டி.எல். நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் இறங்கும். பார்லித் தண்ணீரை மட்டும் சீனி போட்டுக் குடித்துவிட்டுப் பார்லியைக் கொட்டிவிடுவதில் பெரிய பிரயோசனமில்லை.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்தால் என்னவாகும்? கனடாவில் டேவிட் ஜென்கின்ஸ் என்னும் டாக்டரும் அவரது கூட்டத்தாரும் 2003-ல் சோதித்தார்கள். பார்லி, ஓட்ஸ், வெண்டைக்காய், கத்தரிக்காய், சோயா, வாதுமை முதலியவற்றை அளந்து கொடுத்ததில், ஒரு மாதத்தில் எல்.டி.எல். நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் இறங்கியது. அக்காலத்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இறங்கியதும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆனால் 2011-ல் அதே ஆகாரத்தை, புத்திமதி மட்டும் சொல்லி வீட்டிலேயே சாப்பிடச் செய்தபோது 13 அளவில்தான் இறங்கிற்று. வீட்டிலும் கடையிலும் வாய் கேட்பது வேறு என்பதை நாம் அறியோமா?

நாம் விற்கும் பூண்டு, வெந்தயம் பற்றியும் கேட்கிறார்கள். கறியில் சேர்ப்பது நல்லதே. பூண்டினால் இறங்குவது கொஞ்சம்தான். அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவதுதான் நாம் அஞ்சுவது. “மாத்திரை ரசாயனம், நமக்கு இயற்கைதான் நல்லது” என்று சொல்லி நிறுத்துகிறவர்கள் நம்மில் அநேகர். அவர்கள் ஒன்றை அறிந்துகொள்ளட்டும். ஜப்பானில் அக்கிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து, 1973-ல் இம்மாத்திரைகளின் மூலத்தைக் கண்டுபிடித்தார். அந்தப் பூஞ்சணம் கியோட்டோ நகரில் ஒரு தானியக் கடையின் அரிசியில் இருந்தது! நம்மைப்போன்ற ஒரு வியாபாரியின் சரக்குத்தான். சீனர் கடைகளில் ‘ஆங் காக்’ என்று கிடைக்கும் சிவப்புப் பூஞ்சண அரிசியிலும் அவ்வகை மாத்திரையின் அதே மருந்து இருக்கிறது. ஆனால் ஒரு பொட்டலத்தில் எவ்வளவு என்பது நிச்சயமில்லை. சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சும் கலந்திருக்கும். மாத்திரையோடு அதையும் சேர்த்துச் சாப்பிடுவது ஒரே மருந்தை இருமுறை சாப்பிடுவதாகும்.

மாத்திரை எல்.டி.எல்.லை நூற்றுக்கு 30 முதல் 50 வரை இறக்கும். முன்பே மாரடைப்பு கண்டவருக்கும், நீரிழிவுக்காரருக்கும், பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் ஏறும் குடும்பத்தாருக்கும் ஆகாரம் மட்டும் போதாது. மெலிந்த தேகமாயிற்றே என்று இருந்துவிடவும் கூடாது. மாத்திரையால் தசை வலித்தால் டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். வலி கடுமையாகி சிறுநீர் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கணக்கு விஷயம் ஒன்று. இங்கே சோதனைத் தாளில் 5.8 என்றிருக்கும்; ஊரிலுள்ள தம்பிக்கு 224 என்றிருக்கும். தம்பிக்குத்தான் மோசம் என்று பயப்படவேண்டாம், இரண்டும் ஒன்றே. இங்குள்ள எண்ணை 38.67-ஆல் பெருக்கினால் அங்குள்ள எண் வரும். மொத்தம் 5.2-க்குள் இருப்பது நலம். எல்.டி.எல். எவ்வளவு இருக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். மாரடைப்பு கண்டவருக்கு மிகக் குறைவாகவே இருக்கவேண்டும். தாளைக் கையில் கொடுத்து “எனக்கு எவ்வளவு?” என்று டாக்டரையே கேளுங்கள். நாற்பது வயதானவர்கள் இதுவரை பார்க்காதிருந்தால் இம்மாதமே பார்க்கலாம். ஆகாரத்தை மாற்றியவர்கள் இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மறுபடியும் இரத்தம் கொடுத்தால், இறங்கியதா இல்லையா என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.