உப்புக்கண்டம்: முதல் நாள் வெயிலே முக்கியம்

25 கிலோ உயிர் எடையுள்ள வெள்ளாட்டுக் கிடாய் ஒன்றை அறுத்தால் எலும்போடு சேர்த்து ஏறக்குறைய 12 கிலோ கறி கிடைக்கும். கோயில் கிடாவெட்டிலும் வீட்டு விசேஷங்களிலும் பங்காளிகளுக்கும் உறவினருக்கும் கொடுத்தது போக நாலைந்து கிலோ மிஞ்சிவிடுவது வழக்கம். குளிர்பதனப் பெட்டி உள்ள வீட்டிலும் அவ்வளவு கறிக்கு இடம் இராது. இப்படி மிஞ்சுவதைக் காப்பாற்ற நம் வீட்டுப் பெண்கள் கண்டறிந்த முறையே உப்புக்கண்டம். கண்டம் என்றால் துண்டு. வெள்ளாடு, செம்மறி, எருமை, மாடு எதன் இறைச்சியானாலும் செய்முறை ஒன்றுதான். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்கள் லாமா என்னும் விலங்கின் இறைச்சியை இவ்வாறே உலர்த்திச் 'சர்க்கி' என்றழைத்தனர். அச்சொல்லே பின்னர் ஆங்கிலத்தில் 'ஜெர்க்கி' ஆயிற்று.

உழவியல் துறையினர் கறியைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். உலர்த்திக் காக்கும் தத்துவம் நெல்லுக்கும் கறிக்கும் பொதுவானதே. ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அறுவடையின்போது நெல்லில் 20 முதல் 25 சதவீத ஈரமே இருக்கிறது. கொழுப்பு நீக்கிய கறியில் 75 சதவீதம் நீர். நெல் ஒரு நாள் காயாவிட்டால் நிறம் கெட்டு விலை குறையும். கறி ஒரு நாள் காயாவிட்டால் நஞ்சாகிவிடும்.

முதல் நாளின் சிறப்பு

5 டிகிரி முதல் 60 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பத்தில் கறியைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. நம் ஊரின் பகல் வெப்பம் அவற்றிற்கு மிகவும் உகந்தது. ஈரமும் இருந்தால் 20 நிமிடத்திற்கு ஒரு முறை இரட்டிப்பாகக் கூடியவை அவை. கணக்கிட்டுப் பார்த்தால் ஒன்று எட்டு மணி நேரத்தில் ஒரு கோடிக்கு மேல் ஆகிவிடும்! இவற்றுள் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற ஒரு வகை மனிதரின் மூக்கிலும் கைப்புண்ணிலும் குடியிருப்பது; மற்றவை தாங்காத உப்பையும் தாங்குவது. அது கக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. "எப்படியும் எண்ணெயில் பொரிக்கத்தானே போகிறோம்" என்று அசட்டையாக இருப்பது தவறு என்பதற்கு இதுவே காரணம். முதல் நாளில் நேர்ந்த கேட்டை நான்காம் நாள் வெயிலோ வாணலியோ சரிசெய்ய இயலாது.

ஆகவே மேகமற்ற, காற்றோட்டமுள்ள நாளையே தேர்ந்தெடுக்க வேண்டும். பங்குனி, சித்திரை மாதங்கள் மிகவும் ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கண்டம் போட முற்படாமல் கறியை அன்றே சமைத்துவிடுவது நல்லது. விடியற்காலையில் அறுத்த கறி காலை 10 மணிக்குள் கொடியில் ஏறிவிட வேண்டும். மாலையில் கிடைத்த கறியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் காலை பயன்படுத்தலாம். பெட்டி இல்லாதோர் அதில் கண்டம் போடாதிருத்தல் நலம்.

செத்த கால்நடை கூடவே கூடாது

நோயுற்று இறந்த ஆட்டையோ மாட்டையோ "வீணாகிறதே" என்று அறுத்து உப்பிடும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. இது உயிருக்கே ஆபத்தானது. திடீரென இறந்த கால்நடைக்கு அடைப்பான் நோய் கண்டிருக்கலாம். அந்நோய்க் கிருமியின் வித்துகள் உப்பாலும் வெயிலாலும் சாவதில்லை. கொதியலிலும் எளிதில் மடிவதில்லை. தின்பவர் மட்டுமன்றி, தோலுரிப்பவரும் கையில் உள்ள சிறு கீறல் வழியாக நோய்க்கு ஆளாவர். வெட்டித் திறந்தால் வித்துகள் மண்ணில் தங்கிப் பல்லாண்டுகள் கழித்தும் மற்ற கால்நடைகளைத் தாக்கும். எனவே இறந்த உடலைத் திறக்காமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்து, அவர் சொல்லும் வண்ணம் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். ஆட்டின் விலையை எண்ணி மனம் கலங்குவது இயற்கையே. ஆனால் அந்த நட்டம் அதோடு நிற்கட்டும்.

செய்முறை

தொடை, சப்பைப் பகுதிகளின் தனிக்கறி ஏற்றது. கொழுப்பையும் சவ்வையும் முழுவதுமாகச் சீவி நீக்க வேண்டும். கொழுப்பு காய்வதில்லை, சில வாரங்களில் சிக்கு வாடை அடித்து மொத்தக் கண்டத்தையும் கெடுத்துவிடும். கறியை நார் ஓடும் போக்கிலேயே ஒரு சென்டிமீட்டர் கனத்திற்கு மேற்படாத நீண்ட துண்டுகளாக நறுக்கவும். நம் வழக்கத்தில் விரல் கனத்திற்கு நறுக்குகிறோம், அது அதிகம். கனத்த துண்டின் மேற்புறம் காய்ந்து ஓடு போலாகி, உள் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்துக்கொள்ளும். பார்வைக்குக் காய்ந்த கண்டம் உள்ளே அழுகுவது இதனால்தான்.

ஒரு கிலோ கறிக்கு 40 முதல் 50 கிராம் கல்லுப்பைப் பொடித்து, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளும் வேண்டிய அளவு மிளகாய்த்தூளும் சேர்த்து எல்லாத் துண்டுகளிலும் சீராகப் படியும்படி பிசறி அரை மணி நேரம் வைக்கவும். கையில் புண் உள்ளவர் இவ்வேலையில் ஈடுபடக் கூடாது. சிவப்பு நிறத்திற்காக வெடியுப்பு சேர்ப்பதும், உரக்கடையில் கிடைக்கும் பொட்டாசியம் நைட்ரேட்டைப் பயன்படுத்துவதும் அறவே கூடாது.

இதன் பின் நேராக வெயிலில் போடுவது பழைய முறை. நாம் பரிந்துரைப்பது, இட்லிப் பானையில் 10 நிமிடம் ஆவியில் வேகவைத்துப் பின்னர் உலர்த்துவதே. கறியின் நடுப்பகுதியும் 71 டிகிரி வெப்பத்தை அடைந்தால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் மடியும். ஈரமாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். கறி உலர உலர அதில் தங்கிய கிருமி வெப்பத்தைத் தாங்கப் பழகிவிடுகிறது. ஆவியில் வெந்த கண்டம் சற்று உதிரியாக இருக்கும், பழைய கண்டத்தின் மெல்லும் தன்மை வராது என்று பெரியவர்கள் குறை கூறலாம். அது உண்மையே. எனினும் குழந்தைகள் உள்ள வீட்டில் ருசியைவிடப் பாதுகாப்பே பெரிது.

துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் கோணி ஊசியால் சுத்தமான நூற்கயிற்றில் கோர்த்து, தரையிலிருந்து ஆள் உயரத்தில் கட்டவும். சுற்றிலும் கொசுவலை கட்டினால் ஈ அண்டாது. ஈயை விரட்டப் பூச்சிமருந்து தூவுவது குடும்பத்திற்கே நஞ்சிடுவதாகும். முதல் நாள் மாலையில் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பு இருக்கலாகாது. இருந்தாலோ, வாடை மாறியிருந்தாலோ, யோசிக்காமல் புதைத்துவிடவும். இரவில் பனி படாதவாறு வீட்டினுள் கொண்டுவந்து, குவித்து வைக்காமல், அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கவிட வேண்டும். நான்கைந்து நாள் நல்ல வெயில் போதும்.

காய்ந்ததை அறிய எடை பார்ப்பதே சிறந்த வழி. ஒரு கிலோ தனிக்கறியில் நீர் போக 250 கிராமே திடப்பொருள். உப்பும் சிறிது ஈரமும் சேர்ந்து 300 முதல் 350 கிராம் வரை நிற்க வேண்டும். 400 கிராமுக்கு மேல் இருந்தால் இன்னும் வெயில் தேவை. துண்டை வளைத்தால் விரிசல் விட வேண்டும். கசிவு தெரியக் கூடாது.

நன்கு ஆறிய பின் காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியிலோ புதிய தகர டப்பாவிலோ அடைத்து வைக்கவும். பூச்சிமருந்து வந்த டப்பாக்களும் உரச் சாக்குகளும் எவ்வளவு கழுவினாலும் ஆகா. 15 நாட்களுக்கு ஒரு முறை வெயிலில் காட்டினால் தோல் வண்டு தாக்காது. இரண்டு மாதத்திற்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. பூசணம் கண்ட துண்டைத் துடைத்துவிட்டுச் சமைப்பது கூடாது. விற்பனை செய்ய விரும்புவோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்னதாகவே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

சமைக்கும்போது கண்டத்தை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் நன்றாக வேகவைத்த பின்னரே நல்லெண்ணெயில் பொரிக்கவோ கத்தரிக்காய்க் குழம்பில் சேர்க்கவோ வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைத் தவிர்க்கவும். குழம்புக்கு உப்பு போடுமுன் ஒரு முறை ருசி பார்த்துக்கொள்ளவும். பெரும்பாலும் கண்டத்தின் உப்பே போதுமானதாக இருக்கும்.