களத்திற் குறிப்பெழுதுவோர் கடமை

நந்தனத்திலுள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைச் சென்னை மாணவர் பலரும் அறிவர். 1920ஆம் ஆண்டில் அதனை நிறுவிய ஹாரி குரோ பக் என்பார், 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியுடன் சென்று பணிபுரிந்தவர். ஓடுவோரையும் தாண்டுவோரையும் பயிற்றுவது போலவே, அவர்தம் முயற்சியை அளந்தெழுதுவோரைப் பயிற்றுவதும் உடற்கல்வியின் ஒரு கூறேயாம். அதனைப் பற்றிச் சில கூறப் புகுந்தோம்.

ஓட்டத்தில் தலையோ கையோ முந்துவது கணக்கன்று. உடலின் நடுப்பகுதி எல்லைக்கோட்டை எட்டும் கணமே கணக்கு. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தைப் பி. டி. உஷா 55.42 வினாடியில் முடித்தார். மூன்றாமிடம் பெற்ற ருமேனிய நாட்டு மங்கையோ 55.41 வினாடியில் முடித்தார். வினாடியின் நூற்றிலொரு பங்கு பதக்கத்தை அகற்றிவிட்டது. நீளம் தாண்டுதலிலோ, இருவர்தம் சிறந்த தாண்டல்கள் ஒத்திருப்பின் அடுத்த சிறந்த தாண்டலை நோக்கி முதல்வரைத் துணிவர்.

உயரம் தாண்டுதலே எழுதுவோர்க்கு அருஞ்சோதனையாவது. தாண்டினால் வட்டம், தவறினால் பெருக்கற்குறி, தாண்டாது விட்டால் சிறுகோடு என இடுதல் மரபு. தொடர்ந்து மும்முறை தவறியவர் விலகுவர். இருவர் ஒரே உயரத்தைத் தாண்டி நின்றால், அவ்வுயரத்திற் குறைவாகத் தவறியவர் முந்துவர். அதுவும் ஒப்பின், அவ்வுயரம் முடியத் தவறிய மொத்தத் தொகையை நோக்குவர். அதுவும் ஒப்பின், முதலிடத்திற்கு மறுதாண்டல் நிகழும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கத்தார் நாட்டுப் பர்ஷிமும் இத்தாலியத் தம்பேரியும் 2.37 மீட்டர் வரை ஒருமுறையும் தவறாது ஒத்துநின்று, மறுதாண்டலை விடுத்துப் பொற்பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டனர்.

இவ்விதியின் அருமையை யாம் உணர்ந்தது எம் பிழையாலேயாம். சென்ற ஆண்டு எம் கல்லூரி விளையாட்டு விழாவிற் குறிப்பேடு எம் கையில் இருந்தது. எம் அணி நண்பனும் எதிரணி மாணவர் ஒருவரும் 1.70 மீட்டரை இரண்டாம் முயற்சியில் தாண்டி, 1.75இல் வீழ்ந்தனர். எதிரணியினர் 1.60ஐத் தாண்டாது விட்டு, 1.65ஐ முதல் முயற்சியிலேயே கடந்தவர். எம் நண்பனோ 1.60ஐ எளிதிற் கடந்து, 1.65இல் ஒருமுறை தவறியவன். அவன் பின்னர்த் தாண்டிய மகிழ்ச்சியில் ஆரவாரித்த யாம், முன்னைய பெருக்கற்குறியை இட மறந்தோம். ஆகவே ஏட்டில் இருவரும் ஒத்தனர். நடுவர் மறுதாண்டலுக்கு ஆயத்தமானார்.

உண்மையை மறைத்தால் எம் அணிக்கு வெற்றி வாய்ப்பு உண்டு. உரைத்தால் முதலிடத்தின் 5 புள்ளி எதிரணிக்கும், 3 புள்ளி எமக்கும் ஆகும். சிறிது நேரம் நெஞ்சம் தடுமாறியது மெய்யே. பின் நடுவரிடம் சென்று பிழையை உரைத்தோம். அவர் குறுக்குக்கோல் அருகிருந்தோரை உசாவி உறுதிசெய்து ஏட்டைத் திருத்தினார். கோப்பை எம்மை விட்டு நீங்கியது. நண்பன் சில நாள் எம்மோடு பேசவில்லை.

குறிப்பெழுதுவோர்க்கு அணி இல்லை. நடுவர் அறிவித்ததை அக்கணமே எழுதுக, நினைவை நம்பற்க, ஐயம் எழின் அடுத்த முயற்சிக்கு முன்னரே வினவுக. இவ்வாண்டு களத்தில் இறங்குமுன் அந்நண்பன் எம்மிடம் வந்து, “நான் தவறினால் முதலில் அதை எழுது, பிறகு கைதட்டலாம்” என்றான். அவ்வாறே எழுதினோம்.