கலத்தை நீங்கிய வாங்கி

நம் உடற்கலங்கள் தம்முட் செய்தி பரிமாறும் தூதுப் புரதங்களைச் சைற்றோகைன்கள் என்பர். தூது வந்தாற் போதாது. அதனைப் பற்றுதற்குக் கலமென்சவ்வில் வாங்கி என்னும் புரதமும் வேண்டும். வாங்கியின் புறப்பகுதி தூதைப் பற்றும். உட்பகுதி கலத்திற்கு அறிவிக்கும்.

ஆய்வாளர் புறப்பகுதிக்குரிய மனிதப் பரம்பரையலகுத் துண்டை மட்டும் எடுத்து, வேறு கலங்களிற் புகுத்தி, அப்பகுதியைத் தனியே ஆக்குவிப்பர். இம்மீள்சேர்க்கைப் புரதம் தூதைப் பற்றும், அறிவிக்கமாட்டாது. வீட்டுத் தபாற்பெட்டியைக் கழற்றி ஒழுங்கை முகப்பில் மாட்டினாற் போலும்: கடிதம் விழும், வீட்டாருக்கு எட்டாது. ஒரு தூதின் தொழில் யாதென அறிய விரும்புவோர் இதனைக் கொண்டு அத்தூதைத் தடுத்து, என்ன குறைகின்றதெனக் காண்பர்.

கட்டி நசிவுக் காரணி என்னும் சைற்றோகைனின் வாங்கியை நோக்குக. அதன் புறப்பகுதிகள் இரண்டைப் பிறபொருளெதிரியொன்றின் அடிப்பகுதியோடு இணைத்து, சீன வெள்ளெலியின் சூலகக் கலங்களில் ஆக்கினர். குருதித் தொற்றால் அதிர்ச்சியுற்றோர்க்கு இதனைக் கொடுத்த சோதனையின் முடிவு 1996 இல் வெளிவந்தது. மரணம் குறையவில்லை, கூடிய அளவு பெற்றோரிடை மிகுந்தே காணப்பட்டது. அதே புரதம் 1998 இல் எற்றனசெப்ற் என்னும் பெயருடன் அமெரிக்காவில் மூட்டுவாத மருந்தாக அங்கீகாரம் பெற்றது. மூட்டை அரிக்கும் தூதே கிருமியையும் எதிர்ப்பதென்பதை மாணவர் ஈண்டு ஊன்றி நோக்குதல் வேண்டும். சயரோகக் கிருமியை உடலில் அடக்கி வைப்பதிலும் அதற்குப் பங்குண்டு. ஆதலின், இம்மருந்தைத் தொடங்குமுன் நோயாளியிடம் அக்கிருமி உறங்கிக் கிடக்கின்றதா என மருத்துவர் சோதிப்பர்.