விழுந்த மரம்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சாலையை மறித்தவை துண்டு துண்டாக அறுக்கப்பட்டன. அவற்றுள் பல விறகாயின.

விழுந்த மரமெல்லாம் விறகன்று. உரியவரின் இசைவுடன் எடுத்து வந்தால், சாய்ந்த வேம்பும் கதவாகும். அதற்கு அடிமரத்தை நீளமாக விட்டு வெட்டுதல் வேண்டும். அதனைக் கடப்பாரையால் நெம்பி, உருளைக் கட்டைகளின்மேல் தள்ளி, வண்டியில் ஏற்றுவர். வெட்டிய முனைகளில் வண்ணம் பூசினால் வெடிப்புக் குறையும்.

பலகையாக அறுக்குமுன், உள்ளே ஆணி உண்டா என ஆராய்வர். விளம்பரத் தட்டி மாட்ட எவரோ அறைந்த ஆணியை, வளரும் மரம் தன்னுள் மூடிக்கொள்ளும். பல ஆண்டுகளுக்குப் பின் அதில் பட்டு இரம்பத்தின் பல் உடையும், அறுப்பவரும் காயமுறக்கூடும்.

அறுத்த பலகைகளை, இடையிடையே குச்சிகள் வைத்து நிழலில் அடுக்கிப் பல மாதங்கள் உலர்த்துவர். ஈரம் வற்றுமுன் கதவு செய்தால் அது கோணிவிடும். எடுத்து வர விரைவு வேண்டும். உலர்த்தப் பொறுமை வேண்டும்.

சொற்பொருள்: இசைவு – அனுமதி, கோணுதல் – வளைதல்

வினாக்கள்
1. மரத்தில் ஆணி அறைவதால் யாருக்குத் தீங்கு நேரும்?
2. பலகைகளுக்கு இடையே குச்சிகள் வைப்பது ஏன்? சிந்தித்து எழுதுக.