மராமத்துக்கு ஆங்கிலத்தில் எத்தனை வார்த்தை?

கடை வாடகைப் பத்திரம் கையெழுத்தாகும் வேளையில் நம்மவர்கள் இரண்டு விஷயங்களையே உற்று நோக்குகிறார்கள். ஒன்று மாத வாடகை. மற்றது எத்தனை வருஷத்திற்கு என்பது. நடுவிலுள்ள பக்கங்களை, ‘எல்லாம் வழக்கமானதுதான்’ என்று ஏஜெண்டு சொல்ல, நாமும் பேனாவை எடுத்துவிடுகிறோம். பழுது பார்ப்பது, புதுப்பிப்பது, திரும்பக் கட்டுவது பற்றிய ஆங்கில வார்த்தைகள் அந்த நடுப் பக்கங்களில்தான் இருக்கின்றன.

தமிழில் நமக்கு ‘மராமத்து’ என்ற ஒரு சொல் போதும். ஒழுகும் கூரைக்கும் அதுவே, பள்ளிவாசல் மினாராவுக்கும் அதுவே. ஆங்கிலத்தில் அப்படியன்று. வார்த்தை மாறினால் செலவு மாறும். செலவு செய்ய வேண்டிய ஆளும் மாறலாம்.

முதலில் ரிப்பேர். கெட்டதை மறுபடி உபயோகத்திற்குக் கொண்டுவருவது இது. சில்லறை வேலை என்றுதான் நாம் எண்ணுகிறோம். ஆனால் 1911-ல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு பழைய வீட்டின் முன்சுவர் ஆபத்தான நிலையில் இருந்ததால், அதை இடித்துக் கட்ட வேண்டியதாயிற்று. வீட்டை நல்ல ரிப்பேரில் வைத்திருப்பதாகக் குடியிருந்தவர் பத்திரத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு சுவர் வீட்டின் ஒரு பாகமே ஆகையால், அதைப் புதிதாகக் கட்டுவதும் ரிப்பேர்தான், செலவு அவருடையதே என்று தீர்ப்பாயிற்று. முழு வீட்டையும் எழுப்புவதுதான் வேறு சங்கதி. ஆகவே ‘குடியிருப்பவரே ரிப்பேர் செய்க’ என்ற வரியைக் கண்டால், கூரையும் சுவரும் யார் பொறுப்பு என்று தனியாக எழுதி வாங்குவது நலம்.

ரினோவேட் என்பது கெடாததையும் மாற்றுவது. புதுத் தரை, புது அலமாரி, புது முகப்பு எல்லாம் இதில் அடங்கும். மன்றத்து மனுக்களில் மலாயில் ‘உபா சுவாய்’ என்று காண்பது இதுவே. வருமான வரியிலும் இந்தப் பேதம் உண்டு. 1967-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 33-வது பிரிவு, வியாபாரக் கட்டடத்தையும் இயந்திரத்தையும் ரிப்பேர் செய்த செலவை லாபத்திலிருந்து கழிக்க இடம் தருகிறது. கடையை முன்னிலும் மேலாக்கும் வேலை முதலீடாகும். சாதாரணமாக அதைக் கழிக்க இயலாது. (2020 மார்ச்சு முதல் 2022 டிசம்பர் வரை மூன்று லட்சம் வெள்ளி வரை ரினோவேஷனுக்கென விசேஷச் சலுகை இருந்தது, அது முடிந்துவிட்டது.) ஒழுகிய தகரத்தை மாற்றிவிட்டு, பில்லில் மொத்தமாக ‘ரினோவேஷன்’ என்று எழுத விடுவானேன்? இரண்டு வேலையும் சேர்ந்து நடந்தால், குத்தகைக்காரரிடம் இரண்டு பில் கேட்க வேண்டும்.

ரெஸ்டோர், ரீபில்ட் என்னும் இரண்டையும் விளக்கப் பழைய கட்டடம் வேண்டும். நம் பண்டார் தெங்காராவோ, 1972-ல் ஏற்பட்ட கெஜோரா வாரியம் வளர்த்த இளைய ஊர். ஆகவே பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போவோம். சுல்தான் பள்ளிவாசல் முதலில் 1826-ல் எழுந்தது. நூறு வருஷத்திற்குப் பிறகு அது போதாமற் போகவே, டெனிஸ் சாண்ட்ரி என்ற சிற்பியின் திட்டப்படி இன்றுள்ள பெரிய கட்டடம் 1932-ல் முடிந்தது. பழையது போய்ப் புதியது வந்தது, அது ரீபில்ட். தெலுக் ஆயர் வீதியில் சூலியா மக்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டிய நாகூர் தர்காவின் கதை வேறு. அது 1974-ல் தேசியச் சின்னமாயிற்று. பின்னர் பழுதுபட்டு மூடிக் கிடந்தது. அதன் பழைய உருவத்தைக் காத்துச் செப்பனிட்டு, 2011-ல் இந்திய முஸ்லிம் மரபு மையமாகத் திறந்தார்கள். இது ரெஸ்டோர். பழைய தோற்றம் திரும்ப வேண்டும் என்பதே இதன் உயிர். புதுக் கட்டடத்தைவிட இதற்குக் கூடுதல் செலவு பிடிப்பதும் உண்டு.

இனி வியாபாரிக்கு மிகவும் வேண்டிய வார்த்தை, ரீஇன்ஸ்டேட். வாடகைப் பத்திரத்தில் இது வந்தால், சாவியைத் திருப்பித் தரும் நாளில் கடையை முன்பிருந்த வெறும் நிலைக்கே கொண்டுவர வேண்டும் என்று அர்த்தம். நாம் போட்ட தடுப்பு, கூரைப் பலகை, பெயர்ப்பலகை, உணவுக் கடையானால் புகைக்குழாய் எல்லாம் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, வர்ணமும் பூச வேண்டும். தவறினால் டெபாசிட்டில் கைவைப்பார்கள். ‘நான் போட்ட தரை கடைக்கு அழகுதானே’ என்னும் வாதம் அங்கே எடுபடாது. குடியேறும் நாளிலேயே படம் பிடித்து, இரு தரப்பும் ஒப்பமிட்ட ஜாபிதா ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தேய்மானம் நீங்கலாக என்ற சொற்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர் ‘இருக்கட்டும், கழற்ற வேண்டாம்’ என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அதே வார்த்தை தீ இன்ஷூரன்ஸிலோ தக்காஃபுலிலோ வந்தால் நமக்கு அநுகூலம். ஒரு பேச்சுக்கு, பத்து வருஷம் ஓடிய குளிர்பெட்டி எரிந்தது என்போம். புதியது 8,000 வெள்ளி. சாதாரணப் பாலிசியில் தேய்மானத்தைக் கழித்து 3,000 தரலாம். ரீஇன்ஸ்டேட்மெண்ட் ஷரத்து இருந்தால் புதியதின் விலை கணக்காகும். ஆனால் உண்மையிலேயே வாங்கவோ கட்டவோ வேண்டும். அதற்குப் பொதுவாக 12 மாதத் தவணை. இன்ஷூர் செய்த தொகையும் இன்றைய புது விலைக்குச் சரியாக இருக்க வேண்டும். பழைய தொகையிலேயே வருஷா வருஷம் ரின்யூ செய்பவர்கள், குறைந்த பங்கிற்குத் தாமே நஷ்டத்தைத் தாங்க நேரிடும்.

மிச்சமுள்ளவை எளியவை. ரீகண்டிஷன் என்பது இயந்திரத்தைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றிப் பூட்டுவது. நாம் ‘ரீகண்ட்’ வண்டி என்பது இதன் சுருக்கம். ரிஃபர்பிஷ் என்பது மெருகேற்றி விற்பனைக்கு வைப்பது. கைப்பேசிப் பெட்டியில் இவ்வார்த்தை இருந்தால் அது புதுச் சரக்கன்று.

பயிற்சி: கீழ்க்கண்டவற்றிற்கு எந்த வார்த்தை பொருந்தும்? உடைந்த ஷட்டரின் ஒரு தகட்டை மாற்றினோம். எரிந்த கிடங்கை அடித்தளத்திலிருந்து எழுப்பினோம். கடையைக் காலி செய்கையில் நடுத்தடுப்பைக் கழற்றினோம். விடைகளை எழுதி வைத்து, அடுத்த இதழோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.